எந்தக் காதில்

"குழிக்குள்ள எறங்குறேன். வச்சுடாத."

அவர் பிசகில்லாமல் சொன்ன கடைசி வாக்கியம் அது. அவள் "ம்" என்றாள். மடியில் ஏதோ ஒரு ஓட்டலுக்கான ஜன்னல் திரை வழிந்து தரையெல்லாம் கிடந்தது. கைபேசி நூல்கண்டுப் பெட்டியின் மேல் சாய்ந்திருந்தது. ஸ்பீக்கரில் இரும்பு ஏணியில் பூட்ஸ் உரசும் சத்தம் கேட்டது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. அவர் குனிந்தபோது விட்ட பெருமூச்சு கேட்டது. எல்லாம் அன்றாடம் கேட்பதுதான்.

லிஃப்ட் மெக்கானிக்கின் பிழைப்பு அப்படி. லிஃப்ட் வந்து நிற்கிற கீழ்த்தளத்துக்கும் அடியில் ஓர் ஆள் இறங்கும் பள்ளம் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் எலிப்புழுக்கையுமாகக் கிடக்கும். ஒருவர் அதில் இறங்கினால் இன்னொருவர் மேலே நின்றாக வேண்டும் என்பது விதி. ஆனால் கம்பெனி ஒருத்தரைத்தான் அனுப்பும். "ஆளுக்கு எங்கய்யா போறது" என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிடுவார். அதனால் அவர் தானாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். குழியில் இறங்குமுன் வீட்டுக்குப் போன் போடுவார். அதன்பின் லைன் திறந்தே கிடக்கும். அவர் பாட்டுக்கு நட்டை முடுக்குவார், இவள் பாட்டுக்குத் தைப்பாள். அவர் குரலே வராமல் போனால், இவள் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டும். அந்த நம்பரைக் காலையில் கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போவார்.

"என்ன கண்ட்ரோல் ரூம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். வாய மூடிக்கிட்டு வேலையப் பாருங்க."

"வாய மூடிட்டா நீ வாட்ச்மேனக் கூப்புட்டுருவியே."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே மகள் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு 'கண்ட்ரோல் ரூம்' என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கிய பிறகு அவர் சொன்னார்: "அடச்சே, தலகாணிய மேலயே விட்டுட்டேன்."

"எத?"

"அதாண்டி... தலகாணி. நட்டு முடுக்குறது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "குழிக்குள்ள தூக்கம் கேக்குதாக்கும் உங்களுக்கு." அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். பிறகு ஏணியில் பூட்ஸ் ஏறும் சத்தம்.

இரண்டொரு நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீரை அடுப்பு என்றார். மகளைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் என்ன என்று யோசித்தபடி வாசலிலேயே நின்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேனில் தலையின் இடது பக்கம், பேச்சு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள், எடுக்க முடிந்த மட்டும்.

நாத்தனார் ஒரு பையோடு வந்து இறங்கினாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வந்ததும் கட்டுப் போட்ட தலையைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. மேஜைமேல் கிடந்த அவருடைய கைபேசியை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"இதுனாலதான டாக்டர்?"

சின்ன வயது டாக்டர். அவரும் அவசரமாகத்தான் இருந்தார். ஆனாலும் நின்று பதில் சொன்னார். "அப்படிச் சொல்லிட முடியாதும்மா. எத்தனையோ ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. போனாலதான் வருதுன்னு நிரூபணம் ஆகல."

"அப்ப வராதுன்னு நிரூபணம் ஆயிருக்கா?"

"அதையும்... முழுசா அடிச்சுச் சொல்றது கஷ்டம். ரொம்ப வருஷம், ரொம்ப நேரம் பேசுறவங்களப் பத்தி இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. போன்ல இருந்து வர்ற அலைக்கு அவ்வளவு பலம் கெடையாதும்மா." அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பேச்சுக்குக் கேட்பவர்போலக் கேட்டார்: "எந்தக் காதுல வச்சுப் பேசுவாரு?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இத்தனை வருஷம் பகலெல்லாம் அவரோடு பேசியவள். அவர் தும்மினால் எந்தக் கட்டடத்துத் தூசி என்று சொல்லக்கூடியவள். அவர் எந்தக் காதில் வைத்துப் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவர் போன் பேசினால் அவளோடுதான் பேசுவார். அவளோடு பேசும்போது அவள் எப்படி எதிரில் இருப்பாள்? வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் போனை அலமாரிமேல் வைத்துவிட்டு அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"தெரியல" என்றாள்.

"தெரியலையா?" என்றாள் நாத்தனார். "நீதான ஓயாமப் பேசுன."

"அவரையே கேளுங்க அத்தை" என்றாள் மகள்.

அவரைக் கேட்டார்கள். கட்டிலில் சாய்ந்திருந்தவர் கேள்வியை முழுதாகக் கேட்டார். புரிந்ததுபோலத் தலையாட்டினார். வலது காதைத் தொட்டார். பிறகு இடதைத் தொட்டார். பிறகு பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி அவளைத் தைக்க விடவில்லை. இடது என்றால்? இடது என்றால் தானே அதை அவருக்குள் ஊற்றியது போல ஆகும், பகலெல்லாம், 'இருக்கேன் இருக்கேன்' என்று சொல்லிச் சொல்லி. வலது என்றால் அவர் எந்த ஆபத்தும் இல்லாமல் அத்தனை குழிகளிலிருந்தும் ஏறி வந்தது அவளுடைய காவலால்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பார்க்க வந்த, அவரோடு வேலை பார்ப்பவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அவரை ஸ்பானர் என்று கூப்பிடுவார்கள். தலை நரைத்த, கூச்சப்படும் மனிதர். ஆரஞ்சுப் பழங்களை ஒரு பையில் கொண்டுவந்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"வலது பக்கந்தான் அக்கா" என்றார். "வலது தோள்ல போன இடுக்கிக்குவாரு. ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும்ல."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம?" என்றவர் தோளை உயர்த்தித் தலையைச் சாய்த்துச் செய்துகாட்டினார். செய்துகாட்டும்போதே அவர் முகம் மாறியது. "இல்லக்கா... இருங்க. நான் இப்படி இடுக்குவேன். அண்ணன் எப்படின்னு..." ஆரஞ்சுப் பையை ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். "நான் கூட இருந்தா அண்ணன் எதுக்கு உங்களுக்குப் போன் போடப்போறாரு? நான் இல்லாத எடத்துலதான போடுவாரு."

அதுவும் சரிதான். யாராவது பார்க்க ஆள் இருந்திருந்தால் அந்தப் போனே தேவைப்பட்டிருக்காது.

மகள் கணினியில் படித்துச் சொன்னாள். ஒரு நாள், "பயப்பட ஒண்ணும் இல்லையாம்மா. இத்தனை பேர் போன் வாங்கியும் இந்த நோய் ஏறவே இல்லையாம்" என்றாள். அவள் அன்று ஒரு திரையை முழுதாகத் தைத்து முடித்தாள். மறுநாள் மகள் வேறு எதையோ படித்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லித் தொலை."

"சிக்னல் கம்மியா இருக்கிற எடத்துல போன் அதிகமா வேல செய்யுமாம். லிஃப்ட்டுக்குள்ள, பேஸ்மெண்ட்டுல பேசுறதத் தவிர்க்கணும்னு போட்டிருக்கு."

"லிஃப்ட்டுக்குள்ளன்னா போட்டிருக்கு?"

"உதாரணத்துக்கும்மா. பொதுவா சொல்றது. இதுனாலதான்னு யாரும் சொல்லல."

சமையலறையிலிருந்து நாத்தனார் கரண்டியோடு வந்து நின்றாள். "நீ தூர வச்சு ஸ்பீக்கர்ல பேசுன. அவன் மண்டையோட ஒட்டவச்சுக் கேட்டான்" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தவள்போலத் திரும்பிப் போய், அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த மாதிரி உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று வறுத்து வைத்தாள்.

அவருடைய கைபேசியை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். கடையில் ஒருத்தன் கொடுத்தான் என்று தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை வாங்கிவந்து அதன் முதுகில் ஒட்டினாள். கதிரை உறிஞ்சிக்கொள்ளுமாம். அதுவும் போதாமல் போனைத் தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு இறுக மூடினாள்.

"இனி ஒண்ணும் வெளிய வராது."

மகள் தன் போனிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டாள். டப்பா அதிர்ந்து, மேஜைமேல் நகர்ந்து நகர்ந்து, உரக்கப் பாட ஆரம்பித்தது. நாத்தனார் ஓரடி பின்வாங்கினாள். கட்டிலில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"சிரிடா, சிரி" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒனக்காகத்தான் பைத்தியக்காரியாத் திரியறேன்."

அதற்குள் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கச் சொல்லிவிட்டார்கள். நாத்தனார் டாக்டரை வழிமறித்தாள். "கதிர்னு பயந்து போனையே டப்பாவுல போட்டு வச்சிருக்கோம். நீங்க மெஷின வச்சு அதே மண்டையில கதிரப் பாய்ச்சுறேங்கிறீங்க."

"அது வேறம்மா, இது வேற. இது ரொம்ப பலமானது. அதனாலதான் கட்டியக் கருக்குது."

"பலமானது நல்லது, பலமில்லாதது கெட்டதா?"

டாக்டர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். "கெட்டதுன்னு நான் சொல்லவே இல்லையேம்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நாத்தனார் வெகுநேரம் யோசித்தாள். "உனக்கு ஏதாச்சும் புரிஞ்சுதாம்மா?" என்று முதல்முறையாகத் தணிந்த குரலில் அவளிடம் கேட்டாள்.

"இல்லண்ணி."

"எனக்கும் இல்ல."

வீட்டில் அவருக்குப் போன் இல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. அவர் கட்டில் முன்னறையில். அவள் தையல் இயந்திரம் பின்னறையில், நடுவில் சமையலறை. கையைக் காதருகே கொண்டுபோய் விரல்களை மடக்குவார். "அத... அதக் குடு. குழி... குழிக்கு." நாத்தனார் தலையை ஆட்டுவாள். "வேண்டாண்டா ராசா." அவளும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று ஒருமுறை டப்பாவில் கை வைத்தாள். திறக்கவில்லை. திறந்திருந்தால் தப்பா, திறக்காததுதான் தப்பா என்று அவளால் அன்றும் சொல்ல முடியவில்லை.

அவர் தானே ஒரு வழி பண்ணினார். ஒரு காலையில் கட்டிலுக்கடியிலிருந்த சாமான் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தார். அதில் பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு இண்டர்காம் ரிசீவர்கள் இருந்தன. கூண்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எடுத்துக் கூப்பிட ஒன்று, மேலே மோட்டார் அறையில் இருப்பவர் பேச ஒன்று. ஸ்பானரை வரவழைத்தார். பேச்சு வரவில்லை என்பதால் கையாலேயே எல்லாம் காட்டினார். கதவு நிலைக்கு மேலாக, சமையலறைச் சுவரோரமாக, ஆணி அடித்து ஒயரை இழுத்தார்கள். பெயர்களை மறந்த கை, எந்த ஒயரில் எதைச் சேர்க்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. ஸ்பானர் ஒரு முறை மாற்றிச் சேர்க்கப் போனபோது புறங்கையில் ஒன்று வைத்தார்.

"அண்ணன் அண்ணன்தான்" என்றார் ஸ்பானர், அடிவாங்கிய கையைத் தடவியபடி. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

"இது பரவால்ல" என்றாள் நாத்தனார். "ஒயர்ல வர்றது குரல் மட்டுந்தான்."

"அதுலயும் கரண்ட்டுதான் போகுது அத்தை" என்றாள் மகள்.

"நீ வாய மூடு."

பின்னறைச் சுவரில் ரிசீவர் கரகரவென்று கூவியது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். முதலில் ஓர் இரைச்சல். மின்விசிறி தூரத்தில் சுற்றுவதுபோல. பிறகு அவர் மூச்சு.

"கண்... கண்ட்ரோல்."

"இருக்கேன்" என்றாள்.

அன்றிலிருந்து மறுபடி லைன் திறந்தே கிடந்தது. அவர் ஏதேதோ சொல்வார். 'ஏணி' வரும், 'மழ' வரும், 'சாப்புட்டியா' என்பது மட்டும் எப்போதும் சரியாக வரும். சில நாள் 'எறங்குறேன்' என்பார். எதில் இறங்குகிறார் என்று அவள் கேட்கவில்லை.

அவருக்கு எது பழக்கமோ அந்தக் காதில்தானே இந்த ரிசீவரையும் வைப்பார்? இந்த யோசனை வந்ததும் பேசிக்கொண்டே ரிசீவரை மேஜையில் மெல்ல வைத்துவிட்டு, சமையலறை வழியாக ஓசைப்படாமல் போய் எட்டிப் பார்த்தாள். அதற்குள் அவர் ரிசீவரை மடியில் இறக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது எப்படித்தான் தெரியுமோ. மறுநாளும் பார்த்தாள். மறுநாளும் மடியில்தான்.

"பூன மாதிரி என்ன?" என்றாள் அடுப்படியில் நின்ற நாத்தனார்.

"சும்மா தண்ணி குடிக்க."

நாத்தனாரைக் கேட்கலாம்தான். அவள் சமையலறையிலிருந்து பார்க்க முடியும். ஆனால் அவள் 'இடது' என்று சொல்லிவிட்டால்? 'வலது' என்று சொன்னாலும், அதை மனசார நம்ப முடியுமா? கேட்கவில்லை.

தையலுக்கு இரண்டு கையும் வேண்டும். இந்த ரிசீவரில் ஸ்பீக்கர் கிடையாது. அவள் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவர் குழிக்குள் எப்படி நின்றாரோ அப்படி. நீளமான ஓரம் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது கழுத்து மரத்துப்போனது. துணியை ஊசியிலிருந்து எடுக்காமல், ரிசீவரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் வலித்தது. திரும்பவும் மாற்றினாள். அப்போதுதான் தான் செய்ததை உணர்ந்தாள். கால் பெடலில் நின்றது.

அவர் எத்தனை கட்டடங்களில், எத்தனை தடவை இப்படி மாற்றியிருப்பார். அவருக்கே தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரியில் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினாரே, அது குழப்பமில்லையோ. கேட்டதற்குச் சரியான பதில்தானோ. அதையே எல்லோரும் நோய் என்று நினைத்துக்கொண்டார்களோ. அல்லது நோய்தானோ.

"என்... என்ன?" என்றார் அவர் காதுக்குள். இயந்திரத்தின் சத்தம் நின்றது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"ஒண்ணுமில்ல. கழுத்து வலி."

"மாத்து" என்றார் அவர், தெளிவாக.

பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் 'சாப்புட்டியா'வும் போனது. அவர் ரிசீவரை எடுக்க முடியாதபோது நாத்தனார் அதைத் தலையணைமேல், அவர் வாயருகே வைத்துவிடுவாள். மூச்சு மட்டும் வரும். அவள் தைப்பாள். மூச்சு சீராக வந்தால் தையலும் சீராக ஓடும்.

மதியம். மழை வருவதுபோல இருட்டிக்கொண்டு வந்தது. நாத்தனார் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். மகள் கடைக்குப் போயிருந்தாள். பாபினில் நூல் தீர்ந்து இயந்திரம் வெறுமனே ஓடியது. அவள் நிறுத்தினாள். நிறுத்தியதும் காதில் அந்த இரைச்சல் மட்டும் இருந்தது.

"ஏங்க."

இரைச்சல்.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?"

குரல் வராவிட்டால் வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டும். இத்தனை வருஷமாக ஒருநாளும் கூப்பிட நேர்ந்ததில்லை. இப்போது யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், பாபினைக் கழற்றி, புது நூலைச் சுற்றி, திரும்ப மாட்டினாள். ஊசியில் நூலைக் கோத்தாள். அதன் பிறகுதான் எழுந்து போனாள்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு, நாத்தனாரும் ஊருக்குப் பையைக் கட்டினாள். ஸ்பானர் ஒயரைக் கழற்றிவிடவா என்று கேட்டார். மகளும் கழற்றிவிடலாம் என்றாள். அவள் தையலில் இருந்து தலையை எடுக்காமல், "கெடக்கட்டும்" என்றாள்.

கிளம்பும் காலையில் பின்னறை ரிசீவர் கரகரவென்று கூவியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எடுத்தாள்.

"நாந்தான்" என்றாள் நாத்தனார், முன்னறையிலிருந்து.

"சொல்லுங்கண்ணி. இங்க வந்தே சொல்லலாமே."

"மூஞ்சியப் பாத்துக் கேக்க முடியாது. அன்னிக்கு உன்ன ஒண்ணு சொல்லிட்டேன். மண்டையோட ஒட்டவச்சுக் கேட்டான்னு."

"விடுங்கண்ணி."

"அவன் போனக் கேட்டான். நான் குடுக்கல. கடைசி வரைக்கும் கேட்டான். குடுத்திருக்கலாமோ?"

"தெரியலண்ணி. நானுந்தான் குடுக்கல."

"அதுனாலதான் வந்துச்சுன்னா நான் செஞ்சது சரி. இல்லேன்னா, பேச ஆசைப்பட்டவன் கையில இருந்ததப் புடுங்குனவ நான். எதுன்னு எவன் சொல்லுவான்?"

சமையலறைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் மூக்கை உறிஞ்சுவது ஒயரிலும் கேட்டது, காற்றிலும் கேட்டது.

"அண்ணி."

"என்ன?"

"இப்ப எந்தக் காதுல வச்சிருக்கீங்க?"

"நானா? வலது." உடனே ஒரு சலசலப்பு. "இல்ல, இரு. அழுதுக்கிட்டே மாத்திட்டேன் போல. இடது. ஏன் கேக்குற?"

"சும்மா."

நாத்தனார் தன் பக்கத்து ரிசீவரைக் கொக்கியில் மாட்டாமல் தலையணைமேல், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அதை எடுத்து மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. பின்னறையில் எடுத்தால் அந்த இரைச்சல் இன்னும் கேட்கிறது.